பாடம் 7: படைவீரரான பாட்டனாரைத் தேடி

முதல் உலகப் போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர் பணிபுரிந்தனர். அவர்களுள் 74,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் பணியாற்றினர். 87,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவர்களுள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து சென்றவர்களும் பலர். மெசொப்பொத்தேமியாவின் மணலிலும் பர்மாவின் காடுகளிலும் இத்தாலியின் மலைகளிலும் அவர்கள் பாலம் கட்டினர், பாதை அமைத்தனர், போரிட்டனர்.

விடுதலைக்குப் பின்னரும் தமிழர் பலர் முப்படைகளிலும் சேர்ந்தனர். பெங்களூரு, செகந்திராபாத், ஜபல்பூர், தில்லி ஆகிய நகரங்களில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களுள் சில, படைப்பணியின் பொருட்டு அங்குச் சென்று நிலைத்தவை. எனவே, “நம் குடும்பம் இந்த ஊருக்கு எப்படி வந்தது?” என்னும் வினாவுக்கு விடை, சில வீடுகளில், ஒரு பாட்டனாரின் படைப்பதிவில் இருக்கக்கூடும். அப்பதிவைத் தேடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வீட்டில் தொடங்கும் தேடல்

தேடலின் முதல் இடம் ஆவணக் காப்பகம் அன்று, வீடே ஆகும். தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை முதலியோரிடம் கேட்டறியும் செய்திகளை உடனுக்குடன் எழுதி வைத்தல் வேண்டும். சொன்னவர் பெயரையும் நாளையும் உடன் குறித்தல் நன்று. பிறகு பழைய பெட்டிகளில் உள்ள பொருள்களைப் பார்த்தல் வேண்டும். பணிவிடுவிப்புப் புத்தகம், ஓய்வூதிய ஆணை, கடிதங்கள், சீருடையுடன் எடுத்த நிழற்படம், பதக்கம் ஆகியவை முதன்மையான சான்றுகள்.

பதக்கத்தின் முகப்பைவிட அதன் விளிம்பே ஆய்வாளருக்குப் பெரிதும் உதவும். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டானிய வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலேயே பதக்கங்கள் வழங்கப்பட்டன. இந்திய வீரர்களின் பதக்கங்களிலோ பெயர் பொறிக்கப்பட்டது. புளியோ பொடியோ இட்டுப் பதக்கத்தைத் தேய்த்தல் கூடாது. நூறாண்டு நிலைத்த எழுத்து அவ்வாறு தேய்ந்து போகும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்து, அதில் உள்ளவாறே எழுதிக்கொள்வது போதும்.

நிழற்படத்தில் தொப்பியின் சின்னத்தையும் தோள்பட்டையில் உள்ள எழுத்துகளையும் உற்று நோக்க வேண்டும். அவை படைப்பிரிவைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வாறு திரட்டும் செய்திகளுள் ஐந்து இன்றியமையாதவை. அவை பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், படை எண், படைப்பிரிவு ஆகியன. இவற்றுள் படை எண் கிடைத்துவிட்டால் தேடல் பாதி முடிந்தது எனலாம். ஒரே பெயருடைய முனுசாமிகள் நூற்றுவர் இருப்பர். ஆனால், ஒரு படைப்பிரிவில் ஓர் எண் ஒருவரையே குறிக்கும்.

படைப்பிரிவை அறிதல்

படைப்பிரிவுகளின் பெயர்கள் காலந்தோறும் மாறின. முதல் உலகப் போர்க் காலத்தில் 73, 75, 79 ஆகிய எண்களைக் கொண்ட கர்நாடகக் காலாட்படைகளும் 83-ஆம் எண் கொண்ட வாலாஜாபாத் காலாட்படையும் தனித்தனிப் பிரிவுகளாக இருந்தன. இங்குக் ‘கர்நாடகம்’ என்பது இன்றைய கர்நாடக மாநிலத்தைக் குறிப்பதன்று. ஆற்காட்டைச் சூழ்ந்த பழைய நிலப்பகுதியைக் குறிப்பது. 1922-ஆம் ஆண்டின் சீரமைப்பில் இவை 3-ஆம் மதராஸ் ரெஜிமென்ட் என்னும் பெயரின்கீழ் வந்தன. அதன் படையணிகள் 1920-களில் கலைக்கப்பட்டன; இரண்டாம் உலகப் போரின்போது அந்த ரெஜிமென்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது.

பொறியியல் பணிகளைச் செய்த மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பிரிவு 1780-ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் தலைமையிடம் பெங்களூரு. அப்பிரிவின் வீரர்களைப் படையினர் ‘தம்பிகள்’ என்றே அன்புடன் அழைப்பர். ஒரு வீட்டில் “தாத்தா பெங்களூரு பட்டாளத்தில் இருந்தார்” என்று மட்டும் கூறினால், அவர் இப்பிரிவைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்று எண்ணித் தேடலைத் தொடங்கலாம். எனினும், அது முடிவன்று. சான்றால் உறுதி செய்ய வேண்டியது.

ஆவண அலுவலகங்கள்

இந்தியத் தரைப்படையில் வீரர்களின் பதிவுகள் ஒரே இடத்தில் வைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஆவண அலுவலகம் உண்டு. படைவீரர் குடும்பங்கள் இதனை ‘ரெக்கார்டு ஆபீஸ்’ என்று வழங்குவர். மதராஸ் ரெஜிமென்டின் ஆவண அலுவலகம் நீலகிரி மாவட்டத்து வெலிங்டனில் உள்ளது. மதராஸ் சாப்பர்ஸ் பிரிவுக்குப் பெங்களூருவிலும், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோட்டிலும், தகவல்தொடர்புப் படைக்கு ஜபல்பூரிலும், மருத்துவப் படைக்கு லக்னோவிலும் அலுவலகங்கள் உள்ளன. கடற்படை மாலுமிகளின் பதிவுகள் மும்பையிலும், வான்படை வீரர்களின் பதிவுகள் தில்லியிலும் பேணப்படுகின்றன.

விண்ணப்பத்தில் மேற்கூறிய ஐந்து செய்திகளுடன் பணிபுரிந்த காலத்தையும், விண்ணப்பிப்பவர் வீரருக்கு என்ன உறவு என்பதையும் குறிப்பிட வேண்டும். உறவுக்குரிய சான்றின் நகலையும் இணைத்தல் நலம். மாணவர் சார்பில் பெற்றோர் விண்ணப்பிப்பதே முறை. எந்த அலுவலகத்தை அணுகுவது என்று தெரியாதவர்கள், சொந்த மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

அழியும் ஏடும் அழியா வரியும்

ஓய்வூதியம் பெறாமல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரரின் பணி ஏடுகள், குறிப்பிட்ட காலத்திற்குப் பின் அழிக்கப்படும். அக்காலம் 25 ஆண்டுகள் என்பது தரைப்படை விதி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பல்லாயிரவர் ஒருசேர விடுவிக்கப்பட்டனர். ஆகவே, “தங்கள் பாட்டனாரின் ஏடு அழிக்கப்பட்டுவிட்டது” என்னும் மறுமொழி வரக்கூடும்.

அம்மறுமொழியைக் கண்டு தேடலைக் கைவிடுதல் கூடாது. ‘லாங் ரோல்’ எனப்படும் பெயர்ப் பேரேடு நிலையாகப் பேணப்படுவது. முழு ஏடு அழிந்த பின்னரும் வீரரைப் பற்றிய சுருக்கமான ஒரு குறிப்பு அதில் எஞ்சியிருக்கும். எனவே, விண்ணப்பத்திலேயே “லாங் ரோல் பதிவின் விவரங்களையாவது தந்து உதவுக” என்று வேண்டுவது பயன் தரும். பெரிய வாழ்க்கை ஒன்று ஒரே வரியாகச் சுருங்கிக் கிடைப்பினும், அவ்வரி குடும்பத்தின் வாய்மொழிக்கு அரசுச் சான்றாக நிற்கும்.

போரில் மாண்டோர்

இரண்டு உலகப் போர்களிலும் மாண்டவர்களைத் தேடுவது, உயிருடன் திரும்பியவர்களைத் தேடுவதைவிடப் பெரும்பாலும் எளிது. 1917-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட காமன்வெல்த் போர்க்கல்லறைகள் ஆணையம் ஏறத்தாழ 17 லட்சம் பேரின் நினைவைப் பேணுகிறது. அதன் இணையத் தரவில் பெயர், படை எண், பிரிவு, இறந்த நாள், நினைவிடம் ஆகியவற்றைக் கட்டணமின்றிக் காணலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் உண்டு.

மதராஸ் சாப்பர்ஸ் பிரிவின் சுபேதார் சுப்பிரமணியம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் ஊருக்கு அருகே கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் இருந்தார். வெடிக்கவிருந்த ஒரு கண்ணிவெடியின்மேல் தாமே பாய்ந்து படுத்து, உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. இத்தகைய புகழ்பெற்ற வீரரின் பெயரும் ஓரிடத்தில் ‘ம்’ என்றும் வேறோரிடத்தில் ‘ன்’ என்றும் முடியுமாறு எழுதப்பட்டுள்ளது.

எல்லா வீரரும் ஒன்றுபோல் மதிக்கப்படவில்லை என்பதையும் பதிவுகள் காட்டுகின்றன. 1929-இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவகம், கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக எழுப்பப்பட்டது. அதில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரண வீரர்களோ பெயரின்றி எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். இவ்வேற்றுமைக்காக 2021-ஆம் ஆண்டு ஆணையம் மன்னிப்புக் கோரியது. கல்லில் இடம்பெறாத பெயர்கள் பலவற்றை இன்று அதன் தரவில் தேடிக் காணலாம்.

தில்லியில் வாழும் மாணவர் இந்தியா கேட்டில் உள்ள பெயர்களைப் பார்த்திருப்பர். 1931-இல் திறக்கப்பட்ட அந்நினைவுச் சின்னத்தில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்களே உள்ளன. மாண்டவர் தொகையோ அதனினும் பன்மடங்கு. ஆகவே, அங்குப் பெயர் இல்லாமையால் ஒருவர் போரில் மாளவில்லை என்று கொள்ளலாகாது. விடுதலைக்குப் பின் உயிர்நீத்த வீரர்களின் பெயர்களை, அதற்கருகே 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் காணலாம்.

வேறு வழிகள்

இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். இவர்களைப் பற்றிய பதிவுகளைப் படைப்பிரிவு அலுவலகங்களில் தேடுவது பயனற்றது. புதுதில்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படையைப் பற்றிய கோப்புகள் உள்ளன. குடும்பத்தில் யாரேனும் விடுதலைப் போராட்ட வீரருக்கான ஓய்வூதியம் பெற்றிருப்பின், அவ்விண்ணப்பத்தின் நகலும் நல்ல சான்றாகும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் பழைய மதராஸ் மாகாணத்தின் அரசாணைகளைப் பேணுகிறது.

பெயர்ச் சிக்கல்

தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டமையால் பல வடிவங்களைப் பெற்றன. ‘ழ’ என்னும் எழுத்துக்கு நேரான ஆங்கில எழுத்து இல்லை. எனவே, ஏழுமலை என்பவர் ஓர் ஏட்டில் ‘ஏலுமலை’ என்றும், மற்றோர் ஏட்டில் ‘யேளுமலை’ என்றும் படிக்குமாறு எழுதப்பட்டிருக்கலாம். ஊர்ப்பெயர்களும் அவ்வாறே. திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ ஆயிற்று. தஞ்சாவூர் ‘டான்ஜூர்’ ஆயிற்று. திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாப்பொலி’ ஆயிற்று. தேடுபவர் இவ்வடிவங்கள் அனைத்தையும் இட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒரு பதிவு கிடைத்தவுடன் அது நம் பாட்டனாருடையதே என்று முடிவு செய்தலும் தவறு. பெயருடன் தந்தை பெயர், ஊர், படை எண் ஆகியவற்றுள் இரண்டேனும் பொருந்த வேண்டும். இல்லையெனில், வேறொரு குடும்பத்தின் வீரரை நம்மவர் என்று எழுதிவிடுவோம். அவருக்குரிய நினைவை அவர் குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொண்டவராவோம்.

நூறாண்டுக்கு முன் கப்பலேறிய ஓர் இளைஞர், தம் பெயரைத் தாமே எழுத அறியாதவராக இருந்திருக்கலாம். பிறமொழி எழுத்தர் ஒருவர் கேட்டவாறு எழுதிய பெயரே ஏட்டில் நிற்கிறது. அப்பெயரைத் திருத்தமாகத் தமிழில் எழுதக்கூடியவர், தமிழ் கற்கும் அவருடைய பேரரின் பிள்ளைகளே ஆவர்.

சொற்பொருள்

மாண்டனர் – இறந்தனர்
விளிம்பு – ஓரம்
இன்றியமையாதவை – இல்லாமல் முடியாதவை
பேரேடு – பெரிய பதிவுப் புத்தகம்
எஞ்சியிருக்கும் – மீந்திருக்கும்

பயிற்சி

1. பதக்கத்தைத் தேய்த்துத் துலக்கக் கூடாது என்பது ஏன்?
2. படைவீரரைத் தேடுவதற்கு வேண்டிய ஐந்து செய்திகள் யாவை? அவற்றுள் சிறந்தது எது? காரணம் கூறுக.
3. பணி ஏடு அழிந்த பின்னரும் தேடலைத் தொடர்வது எவ்வாறு?
4. பஸ்ரா நினைவகத்தில் காணப்பட்ட வேற்றுமையை விளக்குக.
5. செயல்பாடு: உங்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம், “நம் குடும்பம் இந்த ஊருக்கு எப்போது, எதன் பொருட்டு வந்தது?” என்று தமிழில் கேட்டு, அவர் கூறியதைப் பத்து வரிகளில் எழுதுக. சொன்னவர் பெயரையும் நாளையும் குறிக்க மறவாதீர்.