டிக்கெட் போனாலும் வரி நம்முடையது!

மகளோ மகனோ வெளிநாட்டில் இருக்க, பிரசவத்துக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் விமானம் ஏறுகிற அம்மாக்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். டிக்கெட்டைப் பிள்ளைகளே போட்டு விடுகிறார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

2024 மே மாதம் நானும் என் கணவரும் லண்டன் போவதாக இருந்தது. மகளுக்கு ஜூன் கடைசியில் தேதி கொடுத்திருந்தார்கள். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது என் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து விட்டது. ஆபரேஷன்! அவரை விட்டு உடனே நகர முடியாது. அங்கேயோ மூத்தவனையும் வைத்துக்கொண்டு மகள் தனியாகத் திண்டாடுகிறாள். கடைசியில் என் தங்கை வந்து அவரைப் பார்த்துக்கொள்வது, நான் பன்னிரண்டு நாள் தள்ளிப் போவது, அவர் டிக்கெட்டை ரத்து செய்வது என்று முடிவானது.

டிராவல் ஏஜென்ட்டிடம் போனேன். "அம்மா, இது நான்-ரீஃபண்டபிள் டிக்கெட். சார் டிக்கெட்ல ஒரு பைசா திரும்பாது. உங்க தேதியை மாத்த பத்தொன்பதாயிரம் ஆகும்" என்றார். விமான கம்பெனிக்குப் போன் செய்தால் நாற்பது நிமிஷம் பாட்டுதான் கேட்டது. பிறகு வந்த பெண், "ஏஜென்ட்டிடம் வாங்கியதை அவரிடமே கேளுங்கள்" என்று வைத்து விட்டாள். ஏஜென்ட்டோ, "கம்பெனி சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது" என்கிறார். படுத்த படுக்கையாக இருந்த என் கணவரும், "போனா போகுது விடு, ஆஸ்பத்திரி செலவோட இதுவும் ஒண்ணு" என்றார்.

எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாயை அப்படி விட எனக்கு மனசு வரவில்லை. முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதினவள் நான்!

டிக்கெட் தாளை எடுத்து உட்கார்ந்தேன். அடிப்படைக் கட்டணம் 42,000. மீதி 36,400-ம் 'வரி மற்றும் கட்டணங்கள்' என்று ஒரே தலைப்பில். அதற்குக் கீழே இரண்டிரண்டு எழுத்தாகக் குறியீடுகள். இந்த எழுத்துகளில்தான் விஷயமே இருக்கிறது, சகோதரிகளே. 'ஒய்.க்யூ.' அல்லது 'ஒய்.ஆர்.' என்று இருந்தால் அது வரியே அல்ல. விமான கம்பெனி தனக்காகப் போட்டுக்கொள்ளும் கூடுதல் கட்டணம். எங்கள் டிக்கெட்டில் அது மட்டும் 15,000. வரியோடு வரியாக அதையும் சேர்த்து அச்சடித்தால் நமக்கு என்ன தெரியும்?

'ஜி.பி.' என்பதுதான் பிரிட்டிஷ் அரசின் வரி. 1994 நவம்பரில் ஐந்து பவுண்ட், பத்து பவுண்ட் என்று ஆரம்பித்தது. நாங்கள் போன வருஷம் லண்டனிலிருந்து இந்தியாவுக்குத் திரும்ப, எகானமி வகுப்பில் ஆளுக்கு 88 பவுண்ட். 2026 ஏப்ரலில் அது 102 ஆகிவிட்டது. 'யு.பி.' அங்குள்ள விமான நிலையத்துக்கான கட்டணம். இவை போக நம் ஊர் விமான நிலையக் கட்டணம், வழியில் மாறுகிற ஊரின் கட்டணம், ஜி.எஸ்.டி.

பிரிட்டிஷ் வரியை, ஏறிப் பறக்கிற பயணிக்காகத்தான் கம்பெனி அரசுக்குக் கட்டுகிறது. ஆளே ஏறவில்லை என்றால் கட்ட வேண்டியதில்லை. அப்படியிருக்க, நம்மிடம் வாங்கிய அந்தப் பணம் யாருக்குச் சேரும்? இதைத்தான் கேட்டேன். போனில் அல்ல, எழுத்தில். "அடிப்படைக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பயன்படுத்தாத பயணத்தின் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் குறியீடு வாரியாகத் திருப்பித் தரவும்" என்று நாலே வரி. ஏஜென்ட்டுக்கு ஒரு நகல்.

இரண்டு காரியங்களை விமானம் கிளம்பும் முன்பே செய்து விட வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே பி.என்.ஆர். நம்பரில் இருந்தோம், அதை முதலில் இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் ஒருவர் டிக்கெட்டில் கை வைக்கப் போய் மற்றவர் டிக்கெட்டும் சேர்ந்து மாறிவிடும். அடுத்தது, திரும்பப் பணம் வராத டிக்கெட்டாக இருந்தாலும், வரவில்லை என்று சொல்லி ரத்து செய்ததற்கு அத்தாட்சி வாங்கினேன். சொல்லாமல் விட்டால் 'நோ ஷோ' என்று தனி அபராதம் போடுகிற கம்பெனிகள் உண்டு. போகிற பயணத்துக்கு வராதவருக்குத் திரும்பி வருகிற பயணமும் தானாகவே ரத்தாகி விடும்.

என் தேதி மாற்றத்துக்கும் கணக்கைப் பிரித்துக் கேட்டேன். மாற்றுக் கட்டணம் 9,000, கட்டண வித்தியாசம் 5,500, ஏஜென்ட்டின் சர்வீஸ் சார்ஜ் 4,500! எகானமி என்றாலும் எல்லா சீட்டும் ஒரே விலை இல்லை. ஒவ்வொரு விலைக்கும் ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள். புதிய தேதியில் நம் எழுத்திலேயே சீட் இருந்தால் வித்தியாசம் கட்ட வேண்டாம். "சனிக்கிழமை வேண்டாம் தம்பி, செவ்வாய், புதன் பாருங்க" என்றேன். புதன்கிழமை இருந்தது. சர்வீஸ் சார்ஜையும் பேசிக் குறைத்து, 10,500-ல் முடிந்தது. பத்தொன்பதாயிரம் எங்கே, இது எங்கே!

என் கணவர் டிக்கெட்டுக்கு ஏழு வாரம் கழித்து, மூன்று நினைவூட்டல் கடிதங்களுக்குப் பிறகு, 18,050 ரூபாய் வந்தது. ஒய்.க்யூ. வரவில்லை. திருப்பித் தராத கட்டணத்தின் மேல் போட்டது என்று சொல்லி ஜி.எஸ்.டி.யையும் தரவில்லை. ஏஜென்ட்டும் ஐந்நூறு பிடித்துக்கொண்டார். சில கம்பெனிகள் வரியைத் திருப்பித் தருவதற்கே ஒரு கட்டணம் போட்டுப் பாதியை விழுங்கி விடுகின்றனவாம். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. நம் நாட்டு விமான கம்பெனி என்றால், எவ்வளவு மலிவு டிக்கெட்டாக இருந்தாலும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. 2016-லேயே விதி போட்டிருக்கிறது.

கம்பெனியே விமானத்தை ரத்து செய்தால் கதை வேறு. ஐரோப்பிய யூனியனில் 2005 பிப்ரவரி முதல் அமலான 261-ம் எண் சட்டப்படி, முழுப் பணமா, வேறு விமானமா என்று நாம்தான் தேர்வு செய்ய வேண்டும். சென்னையில் ஏறினாலும், அது ஐரோப்பிய கம்பெனியாக இருந்து அந்த நாடுகளில் ஒன்றுக்குப் போனால் இது செல்லும். 'வவுச்சர் வாங்கிக்கோங்க' என்று முதலில் சொல்வார்கள். வேண்டாம் என்றால் பணமாகவே தர வேண்டும்.

இன்னொன்று. பிரிட்டனிலிருந்து எகானமியில் கிளம்புகிற 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஜி.பி. வரி 2016 மார்ச் முதல் கிடையாது. மகள் குடும்பத்தோடு லீவுக்கு வந்தபோது, மூத்த பேரன் டிக்கெட்டை வாங்கி அதைத்தான் முதலில் தேடினேன். போடவில்லை.

— ஒரு வாசகி, சேலம்.