நின்றதும் நிறுத்தியதும்: வேலையிழப்பின் வினைச்சொற்கள்

நம்மிடம் முன்னர் மொழியியலைத் துணைப்பாடமாகப் பயின்ற மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் நம் இல்லத்திற்கு வந்தார். மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். நாற்பது வயதைக் கடந்தவர். தேநீர் ஆறும்வரை ஒன்றும் பேசவில்லை. பின்பு, "ஐயா, வேலைய விட்டு நின்னுட்டேன்" என்றார்.

"நின்றீர்களா, நிறுத்தினார்களா?" என்று கேட்டோம். அது மொழியியல் கற்பித்தவரின் பழக்கம். ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் இலக்கணம் கேட்டுவிட்டோமே என்று உடனே வருந்தவும் செய்தோம். ஆயினும் அக்கேள்விதான் அன்று தேவையாக இருந்தது. அவர் தம் பையிலிருந்து ஒரு கடிதத்தின் படியை எடுத்து நீட்டினார். மலாய் மொழியில் இரண்டே வரிகள். கீழே அவருடைய கையொப்பம். 'லெத்தாக் ஜாவாத்தான்', அதாவது பதவி விலகல். பிரிவில் ஆள் மிகுதி என்று சொல்லி அவரை அழைத்த மேலாளர், "நீயே எழுதிக் கொடுத்துவிட்டால் உன் பெயர் கெடாது" என்று கூறியிருக்கிறார். எழுதிக் கொடுத்து எழுபத்தொரு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் மனைவிக்குச் சொல்லாமல், சீருடை அணிந்தே காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டிருக்கிறார்.

அந்த எழுபத்தொரு நாளும் அந்த ஒரு வினைச்சொல்லும் அவருக்கு என்ன இழப்பைத் தந்தன என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

தமிழில் நில், நிறுத்து என்பன தன்வினை பிறவினை இணை. திரும்பு, திருப்பு என்பதும் அவ்வாறே. தன்வினையில் செயல் எழுவாயோடு முடிந்துவிடுகிறது; பிறவினையில் அதனைச் செய்வித்தவர் வெளிப்படுகிறார். "நின்றுவிட்டேன்" என்னும் தொடரில் நிறுவனத்திற்கு இடமில்லை. மலாயிலும் இதே வேறுபாடு உண்டு. 'பெர்ஹெந்தி' என்றால் தானே நின்றது. 'டிபெர்ஹெந்திகான்' என்றால் நிறுத்தப்பட்டது. நம் நாட்டுத் தமிழர் இரு மொழிகளிலும் முதல் வடிவத்தையே கூச்சத்தின் பொருட்டு நாடுகின்றனர். "வேலை போயிற்று" என்பது இன்னும் ஒரு படி மேல். அதில் எழுவாய் வேலையே. வேலை, கயிறு அறுத்த கன்றுபோலத் தானே எங்கோ போய்விட்டது. அனுப்பியவரும் இல்லை, இழந்தவரும் இல்லை.

இது புதிய வழக்கமன்று. 1930ஆம் ஆண்டில் ரப்பர் விலை சரிந்தபோது, உதவிப் பயணத் திட்டத்தின்கீழ் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. இங்கிருந்த தொழிலாளர் பெருந்தொகையினர் கப்பலேற்றப்பட்டனர். நம் மாணவர் படிக்கும் வரலாற்றுக் குறிப்புகள் பலவற்றில் அவர்கள் "தாயகம் திரும்பினர்" என்றே காண்கிறோம். விரும்பித் திரும்பியவரும் இருந்தனர், அதனை மறுக்கவில்லை. ஆனால் திரும்பியவரையும் திருப்பி அனுப்பப்பட்டவரையும் ஒரே தன்வினைக்குள் அடைத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அவ்வேறுபாடு தெரியவே தெரியாது. பின்னர் 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. அதற்கு நம்மவர் இட்ட பெயர் 'தோட்டத் துண்டாடல்'. சொல்லாக்கம் சிறப்பானதே. எனினும் துண்டாடப்பட்டதாக அது கூறுவது நிலத்தைத்தான். லயத்தைக் காலி செய்து, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட ஆளின்றி நின்ற குடும்பம் அச்சொல்லுக்குள் இல்லை. அத்துண்டாடலுக்கு எதிர்வினையாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளரே பங்குப் பணம் செலுத்தித் தோட்டம் வாங்கினர். வேலை இழந்தவர், இழக்கவிருந்தவர் எழுவாயாக நின்று ஒரு பயனிலையை முடித்துக் காட்டிய அரிய நிகழ்வு அது.

இனி இன்றைய சொற்களுக்கு வருவோம். நாளிதழ்களில் 'பணிநீக்கம்' என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. திருடியவரை வெளியேற்றுவதும் பணிநீக்கம். ஆலை மூடியதால் ஐந்நூறு பேரை அனுப்புவதும் பணிநீக்கம். இக்கலப்பு தீங்கானது என்பது நம் கருத்து. முன்னதற்குப் பணிநீக்கம் என்றும், பின்னதற்கு ஆட்குறைப்பு என்றும், தாமே விலகுவதற்குப் பணிவிலகல் என்றும் வேறுபடுத்திக் கற்பிக்க வேண்டும். 'ஆட்குறைப்பு' முதலாளியின் கணக்கேட்டிலிருந்து பிறந்த சொல்தான். ஆளை எண்ணிக்கையாகவே அது பார்க்கிறது. ஆயினும் இழந்தவர்மீது குற்றம் சுமத்தாத சொல் அது ஒன்றே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மலேசியாவில் 2018ஆம் ஆண்டு முதல் வேலைக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் உள்ளது. சொக்சோ நிர்வகிக்கும் அத்திட்டத்திற்கு முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றனர். ஆட்குறைப்பால் வேலை இழந்தவர்க்கு, போதிய மாதங்கள் சந்தா செலுத்தியிருப்பின், வேலை தேடும் காலத்திற்கு ஆறு மாதம்வரை உதவித்தொகை கிடைக்கும். முதல் மாதம் கணக்கிடப்பட்ட ஊதியத்தில் 80 விழுக்காடு, பின் படிப்படியாகக் குறைந்து இறுதியில் 30 விழுக்காடு. விரைவில் வேலையில் சேர்வோர்க்குத் தனி ஊக்கத்தொகையும் உண்டு. தாமாக விலகியவர்க்கும், ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவர்க்கும், ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிந்தவர்க்கும் இது இல்லை. விருப்பப் பணிவிலகல் திட்டத்தின்கீழ் வெளியேறியவர்க்கோ உண்டு. பெயரில் 'விருப்பம்' இருப்பதால் பலர் தமக்கு உரிமையில்லை என்று எண்ணி விண்ணப்பிப்பதே இல்லை! வேலை இழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இதனின் வேறான இன்னொரு 60 நாளும் உண்டு. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி தொழிலுறவுத் துறையிடம் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். வற்புறுத்தி எழுதி வாங்கப்பட்ட விலகல் கடிதத்தை நீக்கமாகவே கொண்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்ததும் உண்டு. ஆனால் வற்புறுத்தலை மெய்ப்பிப்பது தொழிலாளியின் பொறுப்பு. ஆட்குறைப்புக்கான இழப்பீடும் தனியே இருக்கிறது. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, அவ்விதிகளின் காப்புக்குள் வரும் தொழிலாளர்க்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டாண்டுக்குக் குறைவாயின் 10 நாள் ஊதியமும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள் ஊதியமும், அதற்கு மேல் 20 நாள் ஊதியமும் கணக்கிடப்படும். குறைந்தது ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும்.

நம் மாணவர்க்கு இரு காலக்கெடுக்களும் கடந்திருந்தன. கையொப்பமிட்ட அன்றே யாரிடமேனும் காட்டியிருந்தால், "நிறுவனம் ஆட்குறைப்புக் கடிதம் தரட்டும், நான் எழுத மாட்டேன்" என்று சொல்லச் சொல்லியிருப்போம். அவர் காட்டாததற்குக் காரணம் வெட்கம். பதினான்கு ஆண்டு உழைத்தவர்க்கு வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பது எளிது. "என்ன பண்றீங்க?" என்று எவரேனும் கேட்டால், வேலையின் பெயரையே தம் பெயராகச் சொல்லிப் பழகிய சமூகம் நம்முடையது. அன்றிரவு மனைவியிடம் சொல்லுமாறு அவரை அனுப்பினோம். அந்த அம்மையார் ஓரளவு முன்பே உணர்ந்திருந்தார். சீருடை வியர்வையின்றித் திரும்பி வருவதைத் துவைப்பவர் அறியமாட்டாரா?

அடுத்த வாரம் அவருடைய தன்விவரக் குறிப்பைத் திருத்த அமர்ந்தோம். மலாயில் எழுதியிருந்தார்: 'மெஞ்சாகா மெசின்'. இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன் என்பதன் நேர்வடிவம். தமிழின் 'பார்த்துக்கொள்' மிகவும் பண்பான வினை. குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம், கடையையும் பார்த்துக்கொள்ளலாம். ஆயின் வேலை தருபவர்க்கு அது ஒன்றுமே சொல்லாது. எந்த இயந்திரம், பழுதானால் யார் சரிசெய்தார், புதியவர்க்கு யார் கற்றுக்கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். எல்லாவற்றுக்கும் விடை "நாங்கள்" என்றே வந்தது. தமிழில் கேட்பவரை உளப்படுத்தும் 'நாம்' ஒன்று, உளப்படுத்தாத 'நாங்கள்' ஒன்று. இவ்விரண்டிலும் 'நான்' மறைந்துகொள்ள வசதியுண்டு. (இக்கட்டுரையாசிரியரும் 'நாம்' என்பதன் பின்னால் நின்றே பேசுகிறார் என்பதைச் சுட்டிக் காட்டினார் அவர். தக்க அடி!) இரண்டு மணி நேரத்தில் 'பார்த்துக்கொண்டேன்' ஐந்து வினைகளாகப் பிரிந்தது: பழுது நீக்கினேன், பராமரிப்பு அட்டவணை வகுத்தேன், உதிரிப்பாகக் கையிருப்பைக் கணக்கிட்டேன், ஆறு பேருக்குப் பயிற்சி அளித்தேன், இரவுப் பணிக் குழுவை நடத்தினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நானா ஐயா?" என்றார்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதும் பயிற்சி நம் வகுப்புகளில் நெடுங்காலமாக உள்ளது. அதனோடு பணிவிலகல் கடிதம், ஆட்குறைப்பு அறிவிப்பு, முறையீட்டுக் கடிதம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து, எழுவாய் எங்கே இருக்கிறது என்று மாணவரைத் தேடச் சொல்லுங்கள். தன்வினை பிறவினைக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு பாடநூலில் இல்லை. மலாய் வடிவங்களையும் சேர்த்துக் கற்பிக்கத் தயங்க வேண்டா. கையொப்பமிடப் போவது பெரும்பாலும் அம்மொழியில்தான்.

அவர்க்கு வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. பழைய ஊதியத்தைவிடக் குறைவு. சேமிப்பில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. நேர்காணலில் முன்னைய வேலையைப் பற்றி மலாயில் கேட்டார்களாம். கடிதம் தாம் எழுதியது என்றும், முடிவு நிறுவனத்தினுடையது என்றும், 'டிபெர்ஹெந்திகான்' என்றும் சொல்லியிருக்கிறார். கேட்டவர் அதைக் குறித்துக்கொண்டு, இரவுப் பணிக்கு வர இயலுமா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம்.