மல்டிபிளெக்ஸ்: ஒன்றை மடித்துப் பலவாக்கும் சொல்

ஒரு துண்டை எடுத்து ஒருமுறை மடித்தால் இரண்டு அடுக்கு. இன்னொரு முறை மடித்தால் நான்கு. துணி என்னவோ ஒன்றுதான், அடுக்குகள்தான் பெருகுகின்றன. இந்தக் காட்சியைத் தமிழ் தன் கணக்குச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. மடங்குதல் என்றால் மடிதல். இருமடங்கு, பத்து மடங்கு என்று பெருக்கிச் சொல்வதற்கும் அதே ‘மடங்கு’.

இலத்தீன் பேசியவர்களுக்கும் துணியைப் பார்த்தபோது இதே எண்ணம்தான் தோன்றியிருக்கிறது. ‘பிளிகாரே’ என்றால் மடிப்பது. ‘மல்டுஸ்’ என்றால் பல. மடிப்பைக் குறிக்கும் ‘பிளெக்ஸ்’ என்ற ஒட்டு அதனுடன் சேர்ந்தால் ‘மல்டிபிளெக்ஸ்’. நம் ‘பன்மடங்கு’ அதற்கு அச்சொட்டான இணை. ஒரே மடங்கு ‘சிம்பிளெக்ஸ்’, இருமடங்கு ‘டூப்ளெக்ஸ்’. இரண்டு தளங்களைக் கொண்ட டூப்ளெக்ஸ் வீடும், பெருக்கலைச் சொல்லும் ஆங்கில ‘மல்டிப்ளை’யும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். ‘காம்ப்ளெக்ஸ்’ நெருங்கிய உறவு: பின்னுதல் என்ற பொருளுள்ள ‘பிளெக்டெரே’யிலிருந்து வந்தது. சடை போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான் காம்ப்ளெக்ஸ்.

இந்தப் பழஞ்சொல்லைத் தொழில்நுட்பத்துக்குள் இழுத்து வந்தது தந்தி. ஊருக்கு ஊர் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது பெருஞ்செலவு. அப்படி இழுத்த கம்பியிலோ ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் போகும். செய்திகள் குவியக் குவிய, புதுக் கம்பி போடாமல் இருக்கும் கம்பியையே எப்படிப் பலமடங்காக்குவது என்று பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

1874இல் எடிசன் ஒரு வழி கண்டார். மின்னோட்டத்தின் திசையை மாற்றி ஒரு செய்தி. அதன் வலிமையைக் கூட்டிக் குறைத்து இன்னொரு செய்தி. திசையை மட்டும் உணரும் கருவி ஒன்று, வலிமையை மட்டும் உணரும் கருவி ஒன்று என்று மறுமுனையில் வைத்தால் இரண்டும் தனித்தனியே பிரிந்துவிடும். எதிர்த்திசையிலும் இதேபோல் இரண்டு. ஆக ஒரே கம்பியில் நான்கு செய்திகள். அதற்குப் பெயர் ‘குவாட்ரூபிளெக்ஸ்’, அதாவது நான்மடங்கு.

அதே ஆண்டில், தந்தித் துறையில் வேலை பார்த்துவந்த எமில் போதோ என்ற பிரெஞ்சு விவசாயி மகன் வேறொரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் மடித்தது நேரத்தை. தந்தி அனுப்புபவர்கள் பலர் ஒரே கம்பிக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பியானோ போன்ற ஐந்து கட்டைகள். இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. சுழலும் தொடுமுனை ஒன்று வட்டத்தைச் சுற்றிவந்து ஒவ்வொருவரின் ஐந்து கட்டைகளையும் தொட்டு, அவருடைய எழுத்தை மட்டும் எடுத்துக் கம்பியில் ஏற்றிவிட்டு அடுத்தவரிடம் போகும். தன் முறை வரும்போது ஒரு ‘டிக்’ ஒலி கேட்கும். அந்தத் தாளத்துக்கு விரல் தவறக் கூடாது. மறுமுனையில் அதே வேகத்தில் இன்னொரு தொடுமுனை சுழலும். பல்லாங்குழியில் குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போகும் கையைப் போல, வந்த எழுத்துகளை அவரவர் கருவியில் அது போட்டுவிடும். ஒரு கட்டைக்கு இரண்டு நிலை என்றால் ஐந்து கட்டைக்கு 32 சேர்க்கைகள். எழுத்துகளுக்கு அது போதும். நொடிக்கு எத்தனை குறிகள் போகின்றன என்று சொல்லும் ‘பாட்’ என்ற அலகு போதோவின் பெயரிலிருந்து வந்ததுதான்.

நேரத்தை மடிப்பது போல அலைவரிசையையும் மடிக்கலாம். 1961இல் அமெரிக்காவில் எஃப்எம் ஸ்டீரியோவுக்கு ஏற்கப்பட்ட முறை அப்படிப்பட்டது. இடது, வலது ஒலிகளின் கூட்டல் வழக்கமான இடத்தில் செல்லும். அவற்றின் வித்தியாசம், காதுக்கு எட்டாத 38 கிலோஹெர்ட்ஸ் உயரத்தில் ஏறிக்கொள்ளும். பழைய ரேடியோ கூட்டலை மட்டும் பாடும். ஸ்டீரியோ ரேடியோ இரண்டையும் எடுத்து, கூட்டிக் கழித்து இடதையும் வலதையும் மீட்கும். பழைய கேசட் டெக்குகளில் ‘எம்பிஎக்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மல்டிபிளெக்ஸின் சுருக்கம் அது. இன்றைய கண்ணாடி இழையில் மடிப்பது ஒளியை: நிறத்துக்கு ஒரு செய்தியாகப் பல நிறங்கள் ஒரே இழையில் ஓடுகின்றன. மருத்துவ ஆய்வகத்தில் ஒரே குழாயில் பல மரபணுப் பகுதிகளைத் தேடும் ‘மல்டிபிளெக்ஸ் பிசிஆர்’ சோதனைக்கும் அடிப்படை இதே சிக்கனம்தான்.

சினிமாவுக்கு இந்தச் சொல் பிந்தித்தான் வந்தது. 1963இல் கான்சாஸ் நகரத்தில் ஸ்டான்லி டர்வுட் ‘பார்க்வே ட்வின்’ என்ற இரட்டைத் திரையரங்கைத் திறந்தார். வாசல் ஒன்று, ஊழியர் குழு ஒன்று, திரைகள் இரண்டு. தந்திக்காரர்களின் கணக்கேதான்: செலவு பிடிக்கும் பகுதி பொதுவாக இருக்கட்டும், அதில் ஓடுவது பலவாகட்டும். சென்னையிலும் 1960களிலேயே அண்ணா சாலையில் சஃபையர், புளூ டயமண்ட், எமரால்ட் மூன்றும் ஒரே வளாகத்தில் இருந்தன. பின்னால் தேவி வந்தபோது ஊர் அதைக் ‘காம்ப்ளெக்ஸ்’ என்று அழைத்தது. 1997இல் டெல்லி சாகேத்தில் அனுபம் திரையரங்கு நான்கு திரைகளோடு பிவிஆர் அரங்காக மாறிய பிறகே ‘மல்டிபிளெக்ஸ்’ இந்தியர்களின் பேச்சு வழக்கில் பரவியது.

அடுத்த முறை படத்துக்குப் போகும்போது, இருக்கைக்கு விரையுமுன் அந்த முன்கூடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரே வாசல் வழியாக எல்லோரும் கலந்து வருகிறார்கள். டிக்கெட்டில் உள்ள திரை எண்ணைப் பார்த்து அவரவர் கதவுக்குப் பிரிகிறார்கள். போதோவின் கம்பிமுனையில் எழுத்துகளும் இப்படித்தான் பிரிந்தன.