ராக் இசை தெரியாதவர்களுக்கும் சிரிப்பு உண்டு

ராக் இசையைக் கேலி செய்யும் ஒரு படத்தை, அந்த இசையைப் பற்றி எதுவுமே தெரியாதவர் பார்த்து ரசிக்க முடியுமா? "அதெல்லாம் நமக்குப் புரியாது" என்று பலர் அத்தகைய படங்களை ஒதுக்கிவிடுகிறார்கள். 1984ஆம் ஆண்டு வெளிவந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்' அந்தத் தயக்கத்தைப் போக்கக்கூடிய படம்.

ரோப் ரைனர் இயக்கிய இந்த அமெரிக்கப் படம், ஆவணப்படம் போலவே எடுக்கப்பட்ட கற்பனைக் கதை. புகழ் மங்கிவரும் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழு ஒன்று அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்துகிறது. மைக்கல் மெக்கீன், கிறிஸ்டஃபர் கெஸ்ட், ஹாரி ஷியரர் ஆகிய மூவரும் நடித்ததோடு, பாடி வாசித்தும் இருக்கிறார்கள். வசனத்தில் பெரும்பகுதி படப்பிடிப்பின்போது நடிகர்களே பேசியது. அதனால் இது உண்மையான குழு என்றே நம்பியவர்களும் அன்று இருந்தனர்.

பத்தைத் தாண்டிய பெருமை

நைஜல் என்ற கித்தார் கலைஞர் தமது ஒலிபெருக்கியைப் பெருமையோடு காட்டுகிறார். மற்றவற்றில் ஒலியளவு 10 வரைதான். தம்முடையதில் 11 வரை உண்டு, ஆகவே சத்தம் கூடுதல் என்கிறார். பத்தையே இன்னும் உரக்க ஒலிக்கும்படி செய்தால் என்ன என்று கேட்கிறார் படமெடுப்பவர். நைஜல் சற்று நேரம் விழிக்கிறார். பிறகு, இது 11 வரை போகும் என்று சொன்னதையே சொல்கிறார். இதற்குச் சிரிக்க இசையறிவு எதற்கு? இப்படிப்பட்ட ஒருவரை அலுவலகத்திலோ உறவிலோ சந்திக்காதவர் யார்?

ஒரு கோடு செய்த வேலை

இங்கிலாந்தின் பழங்காலக் கற்சின்னமான ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற வடிவம் மேடைக்குத் தேவைப்படுகிறது. வரைபடத்தில் 18 அடி என்று குறிக்க வேண்டிய நைஜல், 18 அங்குலம் என்று குறித்துவிடுகிறார். அடிக்கு ஒரு சிறு கோடு, அங்குலத்திற்கு இரண்டு கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்தரை மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டிய கல்வாசல், முழங்கால் உயரத்தில் வந்து இறங்குகிறது.

1983இல் பிளாக் சபாத் என்ற உண்மையான குழு தயாரித்த ஸ்டோன்ஹெஞ்ச் அமைப்பு, பல மேடைகளில் அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அதை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியில் இன்னொரு சிரிப்பும் கிடைக்கும். அறியாதவர்களுக்கு முதல் சிரிப்பு குறைவதில்லை.

எல்லாக் கேலிப் படங்களும் இப்படி அல்ல. 1978இல் வந்த 'ஆல் யூ நீட் இஸ் கேஷ்' என்ற தொலைக்காட்சிப் படம், பீட்டில்ஸ் குழுவின் வரலாற்றை அடியொற்றி நையாண்டி செய்கிறது. அந்த வரலாறு தெரியாவிட்டால் அதில் பாதி நகைச்சுவை கைநழுவிவிடும்.

சிரிப்புக்குள் ஒரு நட்பு

ஸ்பைனல் டேப் தனித்து நிற்கக் காரணம், அது மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. நைஜலும் பாடகர் டேவிட்டும் சிறுவயது முதல் நண்பர்கள். டேவிட்டின் காதலி குழுவின் நிர்வாகத்தில் தலையிட, விரிசல் விழுகிறது. நைஜல் நிகழ்ச்சியின் நடுவிலேயே வெளியேறுகிறார். கடைசியில் திரும்பி வந்து மேடையோரம் நிற்கும் அவரை, டேவிட் பாட்டின் நடுவே சைகை காட்டி அழைக்கிறார். அதுவரை சிரித்தவர்கள் அங்கே நெகிழ்ந்துபோகிறார்கள்.

2002இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது. 2025இல் இரண்டாம் பாகமும் வந்தது. ராக் வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. முதலில் படத்தைப் பாருங்கள். பிடித்திருந்தால், அந்த இசையைப் பிறகு தேடிக் கேட்கலாம்.