ஆர்வலர் வானொலியும் வாராந்தக் கூட்டமும்

வானொலி என்றவுடன் ஒரு நிலையம் பேச ஊரார் யாவரும் கேட்டிருக்கும் ஒருவழிப் போக்கே நம் நினைவுக்கு வரும். கேட்பவனும் மறுமொழி கூறும் வானொலி ஒன்றும் உண்டு. ஊதியம் கருதாது, வணிகம் கலவாது, பரீட்சையிற் சித்தியெய்தி அரசின் அனுமதிப்பத்திரம் பெற்று, தம் இல்லத்திலிருந்தே பிறரோடு பேசுவோர் உலகெங்கும் பல இலட்சம் பேர் உளர். இவர்களை ஆர்வலர் வானொலியாளர் என்போம். தம்முள் அவர்கள் 'ஹாம்' என்றே கூறிக்கொள்வர். வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், குறித்த மீடிறனில் இவர்கள் ஒருங்கு கூடும் வழக்கம் உண்டு. அக்கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'நெற்' என்பது பெயர்; வலை என்பது அதன் பொருள். கையடக்கத் தொலைபேசி சட்டைப்பையிற் கிடக்கும் இந்நாளில், ஒரு கிராமத்து வீட்டிலிருந்து கிழமைதோறும் பெயர் கூப்பிட்டு, 'கேட்கிறதா?' என வினவிக் கலைவதாற் பயன் யாது என ஒருவர் கேட்பின், அது நியாயமான கேள்வியே. விடை கூறுமுன் அக்கூட்டம் நடக்கும் வகையை அறிதல் வேண்டும்.

இவ்வழக்கத்தின் வேர்களுள் ஒன்று 1914ஆம் ஆண்டிற் காணப்படும். அமெரிக்காவின் ஹாட்பேட் நகரில் வாழ்ந்த ஹைரம் பேர்சி மக்சிம் என்னும் பொறியியலாளர், ஏறத்தாழ 30 மைல் தூரத்து ஸ்பிறிங்பீல்ட் நகருக்குத் தம் கருவியாற் செய்தி அனுப்ப முயன்றார், அலை எட்டவில்லை. இடைவழியிலிருந்த வேறோர் ஆர்வலர் அதனை வாங்கி அப்பாற் சேர்ப்பித்தார். ஒருவர்க்கு எட்டாதது இருவர்க்கு எட்டும் எனக் கண்ட மக்சிம் அவ்வாண்டிலேயே வானொலி அஞ்சற் சங்கமொன்றை நிறுவினார். அச்சங்கம் இன்றும் நிலவுகின்றது.

கிராமத்து வீடு இப்பணிக்குக் குறைபாடன்று; பெருவசதி எனலாம். நகரத்தில் மின்குமிழும் மின்னேற்றியும் மோட்டரும் ஓயாது நுண்ணிய இரைச்சலை உமிழ்கின்றன. அதனுள் மெலிந்த குரல் அமிழ்ந்துபோம். வயலும் வேலியும் சூழ்ந்த வீட்டிலோ அவ்விரைச்சல் குறைவு. இடவசதியும் உண்டு. 7 மெகாஏர்ட்சு மீடிறனின் அலைநீளம் சுமார் 42 மீற்றர்; அதன் பாதியளவாகிய ஏறக்குறைய 20 மீற்றர்ச் செப்புக்கம்பி ஏரியலாக வேண்டும். தொடர்மாடியில் வாழ்வோர் இதனை எங்கே கட்டுவர்? வளவில் இரண்டு பனைகள் இருப்பின் காரியம் முடிந்தது. மாரிகாலத்தில் இடி முழங்குமுன் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விடுதல் அவசியம். இதில் அசட்டை கூடாது. மின்சாரத்துக்கு 12 உவோற்றுப் பற்றரி ஒன்று போதும்.

அலை செல்லும் வழியே இவ்விடயத்திற் சுவைமிக்க பகுதி. பூமிக்கு மேலே சுமார் 60 கிலோமீற்றர் உயரம் தொடங்கிப் பன்னூறு கிலோமீற்றர் வரை, ஞாயிற்றின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற வளிப்பகுதி உண்டு. அயன்மண்டலம் எனப்படும் இதனைக் கெனலியும் ஹெவிசைட்டும் 1902இல் ஊகித்தனர். 1924இல் அப்பிள்டன் பரிசோதனை வாயிலாக நிலைநாட்டி, 1947இல் நோபெற் பரிசு பெற்றார். தாழக் கட்டிய கம்பியிலிருந்து சிற்றலை ஏறக்குறைய நேர்மேலே எழுந்து, இம்மண்டலத்திற் பட்டு, மழை பொழிவதுபோற் சூழவுள்ள பன்னூறு கிலோமீற்றர்ப் பரப்பிலே இறங்கும். ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 400 கிலோமீற்றர் தூரத்து அம்பாந்தோட்டைக்குப் பேச மலைநாடு தடையாவதில்லை. ஆயின் அயன்மண்டலம் நாழிகைக்கு நாழிகை மாறும் இயல்பினது. பகலில் அதன் கீழ்ப்படை நீண்ட அலைகளை உறிஞ்சிவிடும். இரவில் அப்படை மறையும். இரவு முதிர மேற்படை மெலிந்து, 7 மெகாஏர்ட்சு அலை நேராகத் திரும்பாது விண்ணுக்கே போய்விடுதலும் உண்டு. அவ்வேளை அயலூரார் குரல் அற்றுப்போக, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ளோர் குரல் தெளிவாய் எழும். அண்டைவீட்டார் ஊமையாக அந்நியர் வாய்திறக்கும் விந்தை இது! ஆதலாற் பகற்கூட்டத்துக்கு 7 மெகாஏர்ட்சும் இராக்கூட்டத்துக்கு 3.5 மெகாஏர்ட்சும் அயலவை ஏற்றவை.

கூட்டத்தை நடத்துபவரை நெறியாளர் எனலாம். தலைமையுரையில் விருப்புடையோர்க்கு இப்பதவி ஆகாது. கேட்பதே இவர் தொழில். அழுத்தியை அழுத்தினாற் பேச்சு, விட்டாற் கேள்வி. இரண்டும் ஒருங்கே நிகழா. இருவர் ஒருசேரப் பேசின் இருவர் சொல்லும் கெடும். மீடிறனில் வேறெவரும் பேசவில்லை என்பதை அறிந்தபின் நெறியாளர் தம் அழைப்புக்குறியைக் கூறுவார். இலங்கையர் குறி '4எஸ்7' எனத் தொடங்கும். 'அவசரச் செய்தி உண்டா?' என்பது முதல் வினா. சிறிது நேரம் மௌனம். அதன் பின்னரே வரவு. ஆசிரியர்க்கு இது பழகிய காரியம். இடாப்புக் கூப்பிடுகையில் விடை வாராத பெயரன்றோ நம் கவனத்தை ஈர்ப்பது? எழுத்துக்கள் ஒன்றோடொன்று மயங்காதிருக்க, 1956இல் அனைத்துலக வழக்குக்கு வந்த 'அல்பா, பிறாவோ, சாளி' முதலாய சொற்களால் அவற்றைக் கூறுவர். குரலின் தெளிவுக்கு 5 புள்ளியும் வலிமைக்கு 9 புள்ளியும் உச்சம். யாவர்க்கும் தயங்காது '5, 9' என வழங்கும் தாராளம் இன்று மலிந்துள்ளது; விடைத்தாள் திருத்துவோர் அதன் கேட்டினை நன்கறிவர். நெறியாளருக்கு எட்டாத குரல் வேறொருவருக்கு எட்டலாம். அவர் இடைப்புகுந்து, சொல் மாறாது செய்தியைச் சேர்ப்பிப்பார். மக்சிம் கண்ட அஞ்சல் முறை இதுவே.

இனி, பயன் யாது என்ற வினாவுக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு மார்கழியில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் அந்தமானிலுள்ள போட்பிளேயரில் தங்கி, உலகெங்குமுள்ள ஆர்வலரோடு பேசி மகிழ்ந்துகொண்டிருந்தனர். 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசித் தொடர்பு சீர்குலைந்தது. விளையாட்டாய்க் கொண்டுசென்ற அதே கருவிகளால் அவர்கள் தீவுகளின் நிலையையும் உயிர் தப்பியோர் செய்தியையும் இந்தியப் பெருநிலத்துக்கு அறிவித்தனர். நிக்கோபாருக்கும் நிலையம் கொண்டுசென்றனர். இலங்கையிலும் வானொலிச் சங்கத்தார் அம்பாந்தோட்டைக்குச் சிற்றலைக் கருவியுடன் சென்று கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். கையடக்கத் தொலைபேசியும் வானொலிக் கருவியே. ஆயினும் அதற்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும், கோபுரங்களைப் பிணைக்கும் இணைப்பு வேண்டும்; இவற்றுள் ஒன்று அற்றாலும் அது செயலறும். ஊரார் யாவரும் ஒரே வேளையில் அழைத்தாலும் நெருக்குண்டு நின்றுவிடும். சிற்றலைக்கு இடையில் வேண்டுவது அயன்மண்டலம் ஒன்றே. அதனைக் கடல் கொள்ளாது.

எனினும் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தவன் இடர் நாளில் அதனை எடுத்து என் செய்வான்? பற்றரி வற்றியிருக்கும், எந்த நேரத்தில் எந்த மீடிறன் எட்டும் என்பதும், யாருடைய வீடு யாருக்குக் கேட்கும் என்பதும் அவனுக்குத் தெரியா. வாராந்தக் கூட்டம் இவற்றையே பழக்குகின்றது. ஆதலின் நன்கு நடைபெறும் கூட்டங்களில் இடையிடையே மின்னிணைப்பைத் துண்டித்துப் பற்றரியாலேயே பேசுவர். சிறு செய்தியொன்றைப் பலர் வாயிலாக அனுப்பி, வாங்கியவர் சொற்களை எண்ணித் தொகை சரியோ எனப் பார்ப்பர். சில வேளைகளில் நெறியாளர் முன்னறிவித்தலின்றி மௌனமாகிவிட, இரண்டாமவர் பொறுப்பேற்றல் வேண்டும். முடிவில், வந்தோர் குறியும் நேரமும் குறிப்பேட்டில் எழுதப்படும். இரு கிழமை தொடர்ந்து வாராதவர் வீட்டுக்கு நெறியாளர் தொலைபேசி மூலம் நலம் விசாரிப்பதும் உண்டு.