செவ்ரோலெட் போல்ட் மின்கலத் தீ விபத்துகள்

செவ்ரோலெட் போல்ட் என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த மின்சாரக் கார் ஆகும். 2016 டிசம்பரில் விற்பனைக்கு வந்த இந்தக் கார்களில் சில, யாரும் ஓட்டாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தபோதே தீப்பிடித்தன. பழுது நீக்கப்பட்டுவிட்டது என்று தயாரிப்பாளர் சொல்வதை எப்போது நம்பலாம் என்ற கேள்வியை இந்த விபத்துகள் எழுப்பின.

தீப்பிடிப்பது எப்படி?

போல்ட் காரின் அடிப்பகுதியில் 288 லித்தியம் அயனி மின்கலங்கள் கொண்ட தொகுதி உள்ளது. ஒவ்வொரு கலத்திலும் நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய பிரிப்பான் ஒன்று இருக்கும். அது பழுதானால் கலத்துக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படும். அதனால் உண்டாகும் வெப்பம் வேதிவினைகளைத் தூண்ட, அவை மேலும் வெப்பத்தை உண்டாக்கும். இவ்வாறு ஒரு கலத்தின் வெப்பம் அடுத்தடுத்த கலங்களுக்குப் பரவும். இதனைத் தெர்மல் ரன்அவே என்பர். கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டிருக்கும்போது இந்த ஆபத்து அதிகம். அணைத்த பிறகும் தீ மீண்டும் பற்றிக்கொள்ளக்கூடும்.

முதல் தீர்வும் அதன் தோல்வியும்

2020 நவம்பரில், 2017 முதல் 2019 வரையிலான மாதிரிகளில் ஏறத்தாழ 68,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. தற்காலிக ஏற்பாடாக மின்னேற்றம் 90 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. 2021 ஏப்ரலில், மின்கலத்தின் பழுதைக் கண்டறியும் மென்பொருளே நிரந்தரத் தீர்வாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தத் தீர்வைப் பெற்ற இரண்டு கார்கள் தீப்பிடித்ததாக அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2021 ஜூலையில் தெரிவித்தது. கார்களை வீட்டுக்கு அப்பால், திறந்தவெளியில் நிறுத்தும்படியும் அது அறிவுறுத்தியது.

உண்மைக் காரணம்

எல்ஜி நிறுவனம் தயாரித்த சில கலங்களில் கிழிந்த எதிர்மின்வாய் இணைப்பு, மடிந்த பிரிப்பான் ஆகிய இரு குறைகள் ஒன்றாக இருந்தது கண்டறியப்பட்டது. 2021 ஆகஸ்டில் மீள அழைப்பு எல்லாப் போல்ட் கார்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இதனால் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 1,42,000 ஆனது. குறையுள்ள மின்கலங்களை மாற்றித் தரவும், மாற்றிய கலங்களுக்கு 8 ஆண்டு உத்தரவாதம் அளிக்கவும் நிறுவனம் முன்வந்தது. இதற்கான செலவில் 190 கோடி டாலர் வரை ஈடுசெய்ய எல்ஜி ஒப்புக்கொண்டது.

நம்பகத்தன்மை

தீப்பிடித்த கார்கள் மிகச் சிலவே. ஆனாலும், தன் கார் அவற்றுள் ஒன்றாகிவிடுமா என்பதை எந்த உரிமையாளராலும் அறிய முடியவில்லை. மென்பொருளால் குறையின் அறிகுறியைத் தேட முடியுமே தவிர, மடிந்த பிரிப்பானை நேராக்க முடியாது. எனவே, பாதுகாப்பு குறித்த அறிவிப்பு ஒன்றை மதிப்பிடும்போது மூன்றைக் கேட்டறிய வேண்டும்: குறையின் காரணம் வெளியிடப்பட்டதா? தீர்வு அந்தக் காரணத்தையே நீக்குகிறதா? தயாரிப்பாளரைச் சாராத அமைப்பு எதுவும் அதைக் கண்காணிக்கிறதா? போல்ட் காரின் முதல் தீர்வு இரண்டாவது கேள்வியிலேயே தவறியது.