பிலிப் என்ற பொய்

கசங்கிய மழைக்கோட்டு, விரலிடுக்கில் சுருட்டு. விசாரணை முடிந்து கிளம்புவதுபோல் வாசல்வரை போவார். சட்டென்று திரும்பி இன்னொரு கேள்வி கேட்பார். கொலைகாரனுக்கு முகம் வெளிறிவிடும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பீட்டர் ஃபாக் நடித்த துப்பறியும் அதிகாரி கொலம்போ அவர். கொலம்போ என்பது குடும்பப் பெயர். அவருடைய முதல் பெயர் என்ன? தொடரில் யாரும் அவரை அப்படி அழைத்ததே இல்லை.

ஆனால் 1974-இல் வெளியான ஒரு துணுக்குக் களஞ்சியத்தில் விடை இருந்தது: பிலிப். எழுதியவர் ஃபிரெட் வொர்த். கலிபோர்னியாவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக இருந்தவர். அந்தப் பெயரை அவர் எங்கிருந்தும் எடுக்கவில்லை. தானே இட்டுக்கட்டி வேண்டுமென்றே சேர்த்தார். ஆயிரக்கணக்கான தகவல்களைத் திரட்ட வருடக்கணக்கில் ஆகிறது. அதை ஒருவன் அப்படியே சுட்டுக்கொண்டு போனால் எப்படி நிரூபிப்பது? எவரெஸ்டின் உயரம் எல்லாப் புத்தகத்திலும் ஒன்றுதானே. பொய்யென்றால் அது எங்கிருந்து போனதென்று தெரிந்துவிடும். வரைபடம் தயாரிப்பவர்களும் இதே காரணத்துக்காக, இல்லாத தெரு ஒன்றை மூலையில் வரைந்துவைப்பதுண்டு.

மீன் சிக்கியது. அதுவும் திமிங்கலம்.

1979 டிசம்பரில் கனடாவின் மாண்ட்ரியலில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபாட் என்ற இரண்டு பத்திரிகைக்காரர்கள் ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தார்கள். பெட்டியில் சில எழுத்துகளைக் காணோம். நாமே ஓர் ஆட்டம் கண்டுபிடித்தால் என்ன என்று பேச்சு திரும்பியதில் பிறந்ததுதான் 'டிரிவியல் பர்சூட்'. சக்கரம் வரைந்த பலகை, ஒரு பகடை, ஆயிரம் அட்டைகள். அட்டைக்கு ஆறு கேள்வி: புவியியல் நீலம், கேளிக்கை இளஞ்சிவப்பு, வரலாறு மஞ்சள், கலை இலக்கியம் பழுப்பு, அறிவியல் பச்சை, விளையாட்டு ஆரஞ்சு. ஆறு நிறத்திலும் துண்டு சேர்த்தவர்தான் வெல்ல முடியும். கிரிக்கெட் புள்ளிவிவரம் மட்டும் ஒப்பிப்பவரும், சினிமா மட்டும் தெரிந்தவரும் பாதிவழியில் நின்றுவிடுவார்கள். இந்த ஆட்டத்தின் புத்திசாலித்தனமே அதுதான் என்பேன். 1984-இல் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பெட்டிகள் விற்றன.

அதில் ஓர் அட்டை கொலம்போவின் முதல் பெயரைக் கேட்டது. பின்பக்கத்தில் விடை: பிலிப்.

வொர்த் அதே ஆண்டு 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கேள்விகளில் கால் பங்குக்கு மேல் தன் புத்தகங்களிலிருந்து போனவை என்றார். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் மறுக்கவே இல்லை. ஆமாம், பார்த்தோம், இன்னும் எத்தனையோ புத்தகங்களையும் பார்த்தோம் என்றார்கள். நீதிமன்றம் வொர்த்தைக் கைவிட்டது. தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. அகரவரிசைக் களஞ்சியமும் பகடை உருட்டும் ஆட்டமும் ஒன்றல்ல என்பது தீர்ப்பு. 1987-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

தீர்ப்பு சரிதான். தமிழ்நாடு என்ற பெயர் 1969-இல் நடைமுறைக்கு வந்தது என்று எழுத யாருக்குக் காசு கொடுப்பது? ஆனாலும் வொர்த்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் முழுக்க முழுக்க அவர் கற்பனையில் உதித்தது அந்தப் பெயர்தான். அதையும் உண்மை என்றல்லவா அச்சிட்டுவிட்டார்! தொடரின் ஒரு காட்சியில் கொலம்போவின் அடையாள அட்டை நெருக்கத்தில் வரும். அதை நிறுத்திவைத்துப் படித்த ரசிகர்கள் கண்ட பெயர் ஃபிராங்க்.

நம் ஊரில் யாரும் பொறி வைக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. இந்தியாவின் தேசிய விளையாட்டு எது? ஹாக்கி என்று மூன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம். 2012-இல் லக்னோவைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அப்படி அறிவித்த ஆணையின் நகலைக் கேட்டார். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று விளையாட்டுத்துறை அமைச்சகம் பதில் அனுப்பியது. 1928 முதல் 1956 வரை ஒலிம்பிக்கில் தொடர்ந்து ஆறு தங்கம் வாங்கிய ஆட்டம். யாரோ ஆசையில் எழுதியிருப்பார்கள், அடுத்த கைடு அதைப் பார்த்து எழுதியிருக்கும். பதில் வந்த பிறகும் ஹாக்கி பல புத்தகங்களில் அசையாமல் இருக்கிறது.

நல்ல கேள்விக்குப் பொய் தேவையில்லை. தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஜெயலலிதா என்று வாய் முந்திக்கொள்ளும். கொஞ்சம் யோசிப்பவர் எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிந்தைய குழப்பத்தை நினைத்துப் பார்த்து, 1988 ஜனவரியில் மூன்று வாரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பதவியில் இருந்த ஜானகியிடம் வந்துசேர்வார். தெரியாததல்ல, மறந்தது. அப்படி ஆளை யோசிக்கவைக்கிற கேள்வி நூற்றில் பத்து தேறினால் அதிகம்.

வரவேற்பறை ஆட்டத்தில் விடை தப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்வி. ஒரு விடை மாறினால் தரவரிசையில் எத்தனையோ பேர் முன்பின்னாகிவிடுவார்கள். அதனால்தான் ஆணையம் முதலில் உத்தேச விடைகளை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு தெரிவிக்கச் சொல்கிறது. ஹாலில் பேனா மூடிய கையோடு விண்ணப்பதாரர்கள் நூலகத்துக்கு ஓடுகிறார்கள், கேள்வி கேட்டவரையே சோதிக்க.